‘மாநில உரிமைக்காக நடந்த போர்’ என்று எழுதாதீர்கள்: வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதுகிற, திருத்துகிற, சரிபார்க்கிற பெருமக்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) நம் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது பற்றிய மடல் இது. கடையில் விற்கும் கையேடுகளிலும் போட்டித் தேர்வு நோட்ஸ்களிலும் வழக்கமாக நாலு வரி இருக்கும். வடக்கு தொழில் சார்ந்தது, தெற்கு விவசாயம் சார்ந்தது. சுங்க வரியில் தகராறு. மாநில உரிமையில் தகராறு. அடிமை முறையில் தகராறு. கீழே லிங்கன் படம். அவர் 1863இல் அடிமைகளை விடுவித்தார், 1865இல் சுட்டுக் கொல்லப்பட்டார், பாடம் முடிந்தது. மூன்று மதிப்பெண்ணுக்கு இது போதும். நாலு வரியும் ஒரே எடையில் நிற்பதுதான் கோளாறு. அதிலும் மூன்றாவது வரி தமிழ் வகுப்பறையில் செய்கிற குழப்பம் வேறெங்கும் செய்யாத குழப்பம்.

‘மாநில உரிமை’ நம் ஊரில் நல்ல சொல். மொழிக்கும் வரிப் பங்குக்கும் நதி நீருக்கும் மத்திய அரசோடு வாதாடி வளர்ந்த சொல் அது. ‘தென் மாநிலங்கள் தங்கள் உரிமைக்காகப் போராடின’ என்ற வாக்கியத்தைப் படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளையின் மனம் தானாகவே தென் மாநிலங்களின் பக்கம் சாய்ந்துவிடும். வடக்கு, தெற்கு என்ற திசைப் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. எந்த உரிமை, யார் மீது உரிமை என்று கேட்க அந்த வரி இடமே வைப்பதில்லை. ஆங்கில மூலத்தில் இருப்பதைத்தானே பெயர்த்தோம் என்பீர்கள். மூலத்தில் அந்தச் சொல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதே ஒரு தனிக் கதை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் காரணம். பிரிந்து போனவர்கள் காரணத்தை ஊகத்துக்கு விட்டுவைக்கவில்லை, எழுதியே வைத்தார்கள். தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களும் ஏன் பிரிகிறோம் என்று தனித்தனியே காரண அறிக்கை வெளியிட்டன. மிசிசிப்பியின் அறிக்கை இரண்டாவது பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறது: எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றிப்போனது, அதுவே உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்கிறது. தென் கரோலினாவின் அறிக்கை இன்னும் சுவாரசியமானது. அதன் முக்கியப் புகார் மத்திய அரசின் மீதே இல்லை; வட மாநிலங்களின் மீது. தப்பியோடி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க மறுத்து அந்த மாநிலங்கள் தாங்களாகச் சட்டம் இயற்றுகின்றன, மத்தியச் சட்டத்தைச் செல்லாக்காசு ஆக்குகின்றன என்று பதினான்கு மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அதாவது, மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்துவதே குற்றம் என்கிறது. இந்த ஒரு பத்தியைத் தமிழில் பெட்டிச் செய்தியாகக் கொடுத்தால் போதும், மாணவர்களே மீதியைக் கேட்டுவிடுவார்கள்.

அந்த மத்தியச் சட்டம் 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம். அதை வகுப்பில் கிட்டத்தில் காட்ட வேண்டும். பிடிபட்டவர் அடிமையா இல்லையா என்று முடிவு செய்ய ஜூரி கிடையாது. ஓர் ஆணையர் முடிவு செய்வார். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. ‘இவர் அடிமைதான்’ என்று எழுதி அனுப்பினால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். ‘இல்லை’ என்று விடுவித்தால் 5 டாலர். முதல் வகைக்குக் காகித வேலை அதிகம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. தப்பியவருக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வட மாநிலத்துச் சாதாரணக் குடிமகனையும் பிடிக்கும் வேலைக்கு அதிகாரிகள் கூப்பிடலாம். மத்திய அரசின் கையை மாநிலங்களுக்குள் இவ்வளவு ஆழமாக நீட்டிய சட்டம் அதற்கு முன் குறைவு. கேட்டு வாங்கியது தெற்கு.

சுங்க வரியையும் இங்கேயே முடித்துவிடலாம். 1832–33இல் தென் கரோலினா வரிக்காக முரண்டு பிடித்தது உண்மை. ஆனால் 1857இல் வந்த வரிச்சட்டம் தெற்கின் ஆதரவோடு வந்தது. வரி பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. வரியை உயர்த்திய மோரில் சட்டம் கையெழுத்தானது 1861 மார்ச் 2இல். அதற்குள் ஏழு மாநிலங்கள் கிளம்பிவிட்டன. அவற்றின் செனட்டர்கள் அவையிலேயே இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைத் தடுத்திருக்கவும் கூடும். தென் கரோலினா, மிசிசிப்பி காரண அறிக்கைகளில் சுங்க வரி என்ற பேச்சே இல்லை.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறோம். கரும்பலகை, சாக்பீஸ், 1860 மக்கள்தொகைக் கணக்கு, ஒரு பீரியட் போதும். அடிமை முறை இருந்த 15 மாநிலங்களை மூன்று பத்தியாக (நெடுவரிசையாக) பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தி, லிங்கன் பதவியேற்கும் முன்பே பிரிந்த ஏழு: தென் கரோலினா, மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சஸ். இரண்டாவது, மத்திய அரசின் சம்டர் கோட்டையில் குண்டு வெடித்துப் போர் தொடங்கிய பிறகு பிரிந்த நான்கு: வர்ஜீனியா, ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி. மூன்றாவது, பிரியாமலே இருந்த நான்கு: கென்டக்கி, மேரிலாந்து, மிசௌரி, டெலவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்த மக்கள்தொகை, அடிமைகளின் எண்ணிக்கை. தென் கரோலினாவில் 7,03,708 பேரில் 4,02,406 பேர் அடிமைகள், நூற்றுக்கு 57. மிசிசிப்பியில் 55. எதிர்முனையில் டெலவரில் 1,12,216 பேரில் 1,798 பேர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பத்தி பத்தியாகக் கூட்டி வகுத்தால் முதல் பத்திக்கு ஏறக்குறைய 47 சதவீதம், இரண்டாவதற்கு 29, மூன்றாவதற்கு 14. யார் முதலில் கிளம்பினார்கள், யார் தயங்கினார்கள், யார் கிளம்பவே இல்லை என்பது சாக்பீஸ் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சி இரண்டு இடங்களில் தடம் புரளும். ஒன்று, இன்றைய 50 மாநில வரைபடத்தை மாட்டிவிட்டு 1860 கணக்கைப் போடுவது. அன்றைக்கு 33 மாநிலங்கள்தான். மேற்கு வர்ஜீனியா என்று ஒன்று கிடையாது. மலைப்பாங்கான, அடிமைகள் குறைவாக இருந்த அந்த மாவட்டங்கள் வர்ஜீனியாவோடு போக மறுத்து, 1863 ஜூன் 20இல் தனி மாநிலமாயின. பிரிவினையிலிருந்தே பிரிந்தவர்கள். இன்னொன்று டெக்சஸ். முதல் பத்தியில் இருந்தாலும் அதன் விகிதம் 30தான். இரண்டாம் பத்தியில் உள்ள வர்ஜீனியாவும் (31) வட கரோலினாவும் (33) அதைவிடக் கூட. கூர்மையான பிள்ளை இதைப் பிடித்துவிடும். மழுப்ப வேண்டாம். விகிதம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை, அங்கங்கே இருந்த அரசியலுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே சரியான பதில்.

அடுத்து வரும் கேள்வி எந்த வகுப்பிலும் தப்பாமல் வரும்: ‘தெற்கில் எல்லாரிடமும் அடிமை இருந்ததா?’ இல்லை. பிரிந்த 11 மாநிலங்களில் அடிமை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அப்படியானால் மற்றவர்கள் ஏன் சண்டைக்குப் போனார்கள்? நம் நாட்டில் சாதியைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. ஒரு காணி நிலம் இல்லாதவனுக்கும் ‘உனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான்’ என்ற எண்ணம் ஒரு சொத்து. அதோடு அடிமைகளை வாடகைக்கு எடுப்பது, நாளை வாங்கலாம் என்ற ஆசை, பண்ணையாருடன் உறவு, ஊர்ப் பாசம், 1862 ஏப்ரலிலிருந்து கட்டாய ராணுவச் சேர்ப்பு எல்லாம் சேரும்.

இவ்வளவு பெரிய முறை ஏன் தானாகத் தேயவில்லை என்பதற்குப் பருத்தியைச் சொல்லியாக வேண்டும். கொட்டையோடு இறுக ஒட்டிய பஞ்சைக் கையால் பிரித்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு எடுப்பதே பெரிது. ஈலை விட்னி 1793இல் செய்த கொட்டை நீக்கும் எந்திரத்தில் 50 பவுண்டு வரை வந்தது. எந்திரம் ஆள் வேலையைக் குறைக்கும் என்றுதான் நினைப்போம். இங்கே நேர்மாறு. அரைப்பது சுலபமானதும், விதைப்பதற்கும் களையெடுப்பதற்கும் பறிப்பதற்கும் ஆள் தேவை பெருகியது. 1790இல் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39.5 லட்சம். 1808இலிருந்து வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை. ஆகவே இந்தப் பெருக்கம் பெரும்பாலும் அங்கேயே பிறந்த பிள்ளைகள். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கமிருந்து மிசிசிப்பி, லூசியானா பக்கம் சுமார் பத்து லட்சம் பேர் குடும்பத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டோ, பண்ணையோடு பெயர்க்கப்பட்டோ போனார்கள். போருக்கு முந்தைய ஆண்டில் அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். நாட்டின் ரயில் பாதைகளையும் ஆலைகளையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. இதைச் சொல்லாமல் ‘தெற்கு விவசாயம் சார்ந்தது’ என்று மட்டும் எழுதினால், ஏதோ ஏர் பிடித்த அப்பாவிகளை ஆலை முதலாளிகள் அடித்தது போலத் தோன்றும்.

இவ்வளவு பணம் முடங்கிய இடத்தில் ஒவ்வொரு சமரசமும் சண்டையைத் தள்ளிப்போட்டது, தீர்க்கவில்லை. 1820இல், இதற்கு வடக்கே புதிய நிலப்பரப்புகளில் அடிமை முறை கூடாது என்று 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு. 1850இல் ஒரு பேரம். 1854இல் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்து, குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்றது. இரு தரப்பும் துப்பாக்கியோடு கான்சஸில் குடியேறின. 1857இல் உச்ச நீதிமன்றத்தின் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு, கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்றது. 1860 நவம்பரில் லிங்கன் 303 தேர்வாளர் வாக்குகளில் (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் வாக்குகள்) 180 பெற்று வென்றார். மக்கள் வாக்கில் 40 சதவீதம்கூட இல்லை, பத்துத் தென் மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. அடிமை முறை புதிய நிலப்பரப்புகளுக்குப் பரவக்கூடாது என்பதுதான் அவர் கட்சியின் நிலை; இருக்கும் இடத்தில் கை வைக்கமாட்டேன் என்று பதவியேற்பு உரையிலும் சொன்னார். தென் கரோலினா டிசம்பர் 20இலேயே போய்விட்டது.

பாடநூலில் திருத்த வேண்டிய அடுத்த முடிச்சு இது. தெற்கு ஏன் பிரிந்தது, வடக்கு ஏன் போரிட்டது என்பவை இரண்டு கேள்விகள். ஒரே கேள்வியாக்கினால் பதில் இரண்டுமே கெடும். தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காக்க. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த அரசின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21இல் சவன்னா நகரில், வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமில்லை என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகப் பேசினார். அவர்கள் எழுதிய அரசியலமைப்பு, அடிமைச் சொத்துரிமையை மறுக்கும் சட்டத்தைத் தங்கள் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) இயற்றக்கூடாது என்று விதித்தது. வடக்கு போரிட்டதோ, தொடக்கத்தில், நாடு உடையக்கூடாது என்பதற்காக. 1861 ஏப்ரல் 12 விடிகாலை நாலரை மணிக்குச் சம்டர் கோட்டை மீது பீரங்கி வெடித்தபோது லிங்கன் 75,000 பேரை மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் முடியும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியவர்களில் முதல் இடம் அடிமைகளுக்குத்தான். மே 23 இரவு வர்ஜீனியாவில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர் படகேறி மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்கின் ராணுவத்துக்கு அரண் கட்ட அனுப்பப்பட்டிருந்தவர்கள். மறுநாள் எசமானரின் ஆள் வெள்ளைக் கொடியோடு வந்து, 1850 சட்டப்படி திருப்பிக் கொடு என்றார். தளபதி பெஞ்சமின் பட்லர் ஒரு வழக்கறிஞர். நீங்கள்தான் வேறு நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டு, எதிரியின் போர்ப் பொருள் என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். விடுதலை என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் செய்தி பரவி, வடக்கின் ராணுவம் போன இடமெல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். லிங்கனின் அடிமை விடுதலை அறிவிப்பு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே இது தொடங்கிவிட்டது.

அறிவிப்பைப் பற்றி: ‘1863 ஜனவரி 1இல் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றனர்’ என்ற வாக்கியம் தவறு. கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கென்டக்கி உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருந்தாது. டென்னசிக்கும் லூசியானா, வர்ஜீனியாவின் சில பகுதிகளுக்கும்கூட விலக்கு. ஜனாதிபதி அதைப் போர்க்கால அதிகாரத்தில் வெளியிட்டதே காரணம். பாடநூலில் ஒரே தேதிக்குப் பதில் நான்கு தேதி போடுங்கள்: தலைநகர் வாஷிங்டனில் 1862 ஏப்ரல் 16 (அங்கே எசமானர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு தரப்பட்டது, அடிமைகளுக்கு இல்லை), அறிவிப்பு 1863 ஜனவரி 1, டெக்சஸின் கால்வெஸ்டனில் ராணுவம் வந்து படித்துக் காட்டிய 1865 ஜூன் 19, அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், 1865 டிசம்பர். அறிவிப்புக்குப் பின் ஏறக்குறைய 1.8 லட்சம் கறுப்பினத்தவர் வடக்கின் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் அது சமமாயிற்று.

போர்க்களங்களை நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு தருகிறீர்கள். கெட்டிஸ்பர்க்கும் விக்ஸ்பர்க்கும் 1863 ஜூலையின் முதல் நான்கு நாட்களுக்குள் முடிந்தவை என்பது தெரிந்தால் போதும். அதைவிட, தெற்கு உள்ளே எப்படி இற்றுப்போனது என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம். ரயில் பாதைகளின் அகலம் வர்ஜீனியாவில் ஒன்று, அதற்குத் தெற்கே பெரும்பாலும் வேறு. எல்லை மாறும் இடத்தில் மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். வரி போடப் பயந்து நோட்டாக அச்சடித்தார்கள். விலை பல்லாயிரம் சதவீதம் ஏறியது. 1863 ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். இருபது அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்குப் படையிலிருந்து விலக்கு என்ற சட்டம் வந்ததும், பணக்காரன் சண்டை, ஏழை சாவு என்ற முணுமுணுப்பு எழுந்தது. வடக்கும் யோக்கியமில்லை. 300 டாலர் கட்டினால் கட்டாயச் சேர்ப்பிலிருந்து விலகலாம். அந்தக் கோபம் 1863 ஜூலையில் நியூயார்க்கில் கலவரமாக வெடித்து, கறுப்பின மக்களின் மீது பாய்ந்தது.

தெற்கு செய்த பெரிய தப்புக் கணக்கு பருத்தியில்தான், அது நம் கரிசல் காடு வரைக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டன் வாங்கிய பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கப் பஞ்சு. அதை நிறுத்தினால் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலைகள் நின்று, பிரிட்டன் தங்கள் பக்கம் இறங்கும் என்று நம்பி, வடக்கின் கடற்படை முற்றுகை இறுகும் முன்பே தாங்களாகவே ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டார்கள். முந்தைய ஆண்டுகளின் அமோக விளைச்சலில் ஆலைக் கிடங்குகள் நிரம்பிக் கிடந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. முற்றுகை பலவீனமாக இருந்த மாதங்களில் விற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்கலாம். அந்த வாய்ப்பும் போயிற்று. 1862 கடைசியில் லங்காஷயரில் பஞ்சம் வந்தது, ஏறக்குறைய 5 லட்சம் பேர் நிவாரணத்தில் வாழ்ந்தார்கள், ஆனால் பிரிட்டன் இறங்கவில்லை. இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் பஞ்சு வாங்கியது.

நம் பஞ்சின் இழை குட்டை. அமெரிக்கப் பஞ்சுக்குப் பழகிய எந்திரத்தில் அறுந்து அறுந்து போகும், தூசியும் அதிகம். அதனால் லங்காஷயர் நெசவாளர் அதைச் சபித்தார்கள். அமெரிக்க ரகத்தை இங்கேயே விளைவிக்கும் ஆசை பழையது. 1840களிலேயே கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் மேற்பார்வையில் கம்பெனி சோதனைப் பண்ணை நடத்தியது. பெரிதாகப் பலிக்கவில்லை. போர் வந்ததும் ரகம் பார்க்க யாருக்கு நேரம்? பம்பாய்ச் சந்தை கொதித்தது, திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது, ரயில் எட்டிப் பார்க்காத அந்தக் காலத்தில் கரிசல் ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகத் தூத்துக்குடிக்குப் பொதி போயிற்று. 1865இல் அமெரிக்காவில் தெற்கு சரணடைந்த செய்தி வந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பங்கு நிறுவனங்களும் வங்கிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன. எங்கோ நடந்த சண்டை என்று நினைக்கிற கோவில்பட்டிப் பிள்ளைக்கு இந்தப் பத்தி வேண்டும்.

இனி விளைவுகள். இங்கேதான் பாடம் மிகச் சீக்கிரம் மூடப்படுகிறது. இறந்தவர் தொகை 6,20,000 என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டுச் செய்த பிந்தைய ஆய்வுகள் அதை 7 லட்சம் பக்கம் கொண்டுபோகின்றன. பழைய எண்ணைப் போடுவதானால் ‘குறைந்தது’ என்று சேருங்கள். மூன்றில் இரண்டு பங்குச் சாவு குண்டால் வந்ததே இல்லை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மலேரியா. கழிப்பறைக் குழியும் குடிநீர்க் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த முகாம்கள்.

அடிமையிலிருந்து விடுபட்ட 40 லட்சம் பேருக்குக் கையில் நிலம் இல்லை. தளபதி ஷெர்மன் 1865 ஜனவரியில் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் பெரும்பகுதியைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிவிட்டார். அப்புறம் வந்தது வாரச் சாகுபடி. இதைத் தமிழில் விளக்கப் புதுக் கலைச்சொல் தேட வேண்டாம். வாரம், பற்று, முன்பணம் என்ற நம் சொற்களே போதும். நிலமும் கோவேறு கழுதையும் விதையும் பண்ணையார் கொடுப்பார், விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடை வரை சாப்பாட்டுக்குக் கடையில் பற்று. பற்று விலை ரொக்க விலையைவிடக் கூட, அதற்கு மேல் வட்டி, ஈடு இன்னும் விளையாத பருத்தி. கணக்குப் புத்தகம் பண்ணையாரிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர் குடியானவர். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் அடுத்த ஆண்டும் அதே நிலம். கடைக்காரர் பருத்தியைத்தான் ஈடாக ஏற்பார், எனவே சோளம் போட முடியாது. எல்லாரும் பருத்தி போட்டதால் விலையும் விழுந்தது. 1843இல் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் போன பிறகும் தஞ்சையில் பண்ணையாள் முறை எப்படி நீடித்தது என்று தெரிந்த ஆசிரியருக்கு இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். அமெரிக்க விடுதலையை இங்குள்ள நிலைமையோடு பொருத்திப் பார்த்தவரும் உண்டு: ஜோதிராவ் பூலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலை, அடிமை ஒழிப்புக்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார்.

வாக்குரிமை வந்தது, பிடுங்கவும்பட்டது. குடியுரிமை தந்த 14ஆம் திருத்தம் 1868, நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற 15ஆம் திருத்தம் 1870. அந்த ஆண்டே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். 1876 ஜனாதிபதி தேர்தல் தேர்வாளர் வாக்கில் 185க்கு 184 என்று இழுபறியாகி, 1877 பேரத்தில் தெற்கை அங்கிருந்த வெள்ளையர் ஆட்சிக்கே விட்டுவிட்டார்கள். பிறகு வாக்களிக்கத் தலைவரி, அரசியலமைப்பின் ஒரு பத்தியைப் படித்து விளக்கு என்ற தேர்வு. விளக்கம் சரியா என்று சொல்பவர் பதிவு அலுவலர். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இராது. லூசியானாவில் 1896இல் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர் 1,30,334. 1904இல் 1,342. இந்த இரண்டு எண்ணும் பாடநூலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். இவற்றுக்கு 1965 வாக்குரிமைச் சட்டம் வரை தீர்வு வரவில்லை. எனவே பாடத்தின் தலைப்பில் ‘1861–1865’ என்று இருந்தாலும் பாடம் 1965இல் நிற்கட்டும்.

வேறு பக்கமும் விளைவு உண்டு. தென் மாநில உறுப்பினர்கள் எழுந்து போன அவையில், 1862 ஒரே ஆண்டில், 160 ஏக்கர் குடியேற்ற நிலச் சட்டமும் பசிபிக் ரயில் சட்டமும் வேளாண் கல்லூரிகளுக்கு நிலம் தரும் சட்டமும் நிறைவேறின. மத்திய அரசின் காகித டாலரும் வருமான வரியும் இந்தப் போரில் பிறந்தவை. செலவு எவ்வளவு காலம் நீண்டது என்று கேட்டால், ஒரு சிப்பாயின் மகளுக்கு மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் 2020 வரை போய்க்கொண்டிருந்தது.

இப்போது, ‘மாநில உரிமை’ எப்படி மூலத்துக்குள் வந்தது என்ற கதை. மூலைக்கல் பேச்சுப் பேசிய அதே ஸ்டீபன்ஸ், தோற்ற பிறகு, போர் அரசியலமைப்புத் தத்துவத்துக்காக நடந்தது என்று இரண்டு பாகமாக எழுதினார். 1894இல் தொடங்கிய தெற்கு வீரர்களின் மகளிர் சங்கம் ஊர் ஊராகச் சிலை வைத்தது, பள்ளிப் புத்தகங்களையும் சல்லடை போட்டது. அடிமைகளை வைத்துக்கொள்ளத் தெற்கு போரிட்டது என்று சொல்லும் பாடநூலை நிராகரியுங்கள் என்று அச்சிட்ட வழிகாட்டியே 1920 வாக்கில் சுற்றில் இருந்தது. டெக்சஸ் பாடத்திட்டம் 2010இல் பிராந்திய உணர்வு, மாநில உரிமை, அடிமை முறை என்ற வரிசையில் காரணம் சொன்னது. 2018இல்தான் அடிமை முறையின் விரிவாக்கத்தை மையக் காரணமாக்கினார்கள். அவர்களே திருத்திக்கொண்டதை நாம் பழைய மூலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டிருப்பது வேடிக்கை.

இரண்டு எச்சரிக்கை. ‘சகோதரச் சண்டை’ என்று எழுதாதீர்கள். வெள்ளையரில் அண்ணன் தம்பி பிரிந்து நின்றது உண்மைதான், ஆனால் அந்தத் தொடர் 40 லட்சம் பேரைப் படத்திலிருந்தே வெட்டிவிடுகிறது. அடுத்தது, வகுப்பில் யாராவது ஈழத்தைக் கொண்டுவருவார்கள். தடுக்க வேண்டாம், ஆனால் பிரிவினை என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிடவும் கூடாது. அமெரிக்கத் தெற்கு, 1860 வரை ஜனாதிபதி பதவியிலும் உச்ச நீதிமன்றத்திலும் கை ஓங்கியிருந்த பகுதி. ஒரு தேர்தலில் தோற்றதும் தனக்குக் கீழிருந்தவர்களைக் கீழேயே வைத்திருக்கக் கிளம்பியது. இலங்கையில் 1956 தனிச் சிங்களச் சட்டத்தின் மறுபுறம் நின்றவர்களின் நிலைமை வேறு. யார் கையில் அதிகாரம் இருந்தது என்ற கேள்வியை முதலில் கேட்கப் பழக்கினால் போதும்.

ஐந்து பீரியட் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம்: கரும்பலகைக் கணக்குக்கு ஒன்று, காரண அறிக்கைகளுக்கு ஒன்று, போருக்கும் விடுதலைக்கும் ஒன்று, 1865க்குப் பிறகு என்பதற்கு இரண்டு. மூன்றுதான் கிடைக்கும் என்றால் போர்க்களத்தை வெட்டுங்கள், கடைசி இரண்டை வெட்டாதீர்கள். ‘உள்நாட்டுப் போருக்கான காரணங்கள் ஐந்து எழுதுக’ என்ற கேள்வியை வினா வங்கியிலிருந்து எடுத்துவிட்டு, தென் கரோலினா அறிக்கையின் ஒரு பத்தியையும் 1850 சட்டத்தின் 10 டாலர், 5 டாலர் பிரிவையும் அச்சிட்டு, ‘இவற்றில் மாநில உரிமையைக் கேட்பவர் யார், மறுப்பவர் யார்?’ என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்